கொலோன் எல்டே ஹவுஸ்: வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய மியூசியம்

கொலோன் வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் மூன்று இடம் பார்ப்பார்கள். பெரிய தேவாலயம், சாக்லேட் மியூசியம், ரைன் நதியில் படகு. திருச்சியிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தபோது நாங்களும் ஒரு நகரச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டி பஸ்ஸில் ஏறினோம். சென்ட் கடைகளைப் பற்றி விலாவாரியாகப் பேசிய வழிகாட்டி, அப்பெல்ஹோஃப்பிளாட்ஸ் பக்கம் பஸ் திரும்பியபோது அங்கே இருக்கும் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள் நான். இப்போது பான் நகரில் குடியிருக்கிறோம். இந்த மியூசியத்தைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியாக வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

கட்டடத்தின் பெயர் எல்டே ஹவுஸ். லெயோபோல்ட் டாமன் என்ற வியாபாரி கட்டியது, அவருடைய முதலெழுத்துகள்தான் எல், டே. 1935ல் கெஸ்டபோ, அதாவது நாஜிகளின் ரகசியப் போலீஸ், இதை வாடகைக்கு எடுத்தது. 1945 மார்ச் வரை இங்கேயே இருந்தது. குண்டுவீச்சில் கொலோனின் நடு நகரம் ஏறக்குறைய முழுவதும் தரைமட்டமானபோதும் இந்தக் கட்டடம் பெரிய சேதமில்லாமல் நின்றுவிட்டது. போர் முடிந்ததும் மாநகராட்சி ஆபீஸ்கள் குடி வந்தன. சித்திரவதை நடந்த நிலவறையில் பழைய ஃபைல்களை அடுக்கி வைத்துவிட்டார்கள்.

அப்படியே போயிருக்கும். 1979ல் குர்ட் ஹோல் என்ற ஆசிரியரும் கெர்னோட் ஹூபர் என்ற புகைப்படக்காரரும் ஓர் இரவு முழுக்க அந்த நிலவறைக்குள் இருந்துகொண்டு, சுவர்களில் கைதிகள் எழுதி வைத்ததையெல்லாம் படம் எடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். ஊர் அதிர்ந்தது. 1981 டிசம்பரில் சிறை நினைவிடமாகத் திறக்கப்பட்டது. மேல் மாடிகளில் இருக்கும் நிரந்தரக் கண்காட்சி 1997ல் வந்தது.

போகும் வழி சுலபம். கொலோன் ரயில் நிலையத்திலிருந்து சுரங்க டிராமில் அடுத்த ஸ்டாப்பே அப்பெல்ஹோஃப்பிளாட்ஸ். பானிலிருந்து வருபவர்கள் 18ஆம் நம்பர் டிராமில் ஏறினால் மாறாமல் வந்து இறங்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. டிக்கெட் விலை இந்த ஊரில் ஒரு காபியும் கேக்கும் சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும். ஆடியோ கைடு ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது, தமிழில் இல்லை. ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவர்களும் அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். நிறையப் படிக்க வேண்டிய கண்காட்சி இது. படித்துக்கொண்டே நின்றால் கால் ஓய்ந்துவிடும், கேட்டுக்கொண்டே நடந்தால் மனதில் நிற்கும்.

மேல் மாடிகளில் கொலோன் நகரம் நாஜி ஆட்சிக்குள் எப்படிப் போனது என்பது அறை அறையாக விரிகிறது. அந்த அறைகளே கெஸ்டபோ அதிகாரிகள் உட்கார்ந்து வேலை பார்த்த அறைகள்தான். யூதர்கள், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட சிந்தி, ரோமா இன மக்கள், தேவாலயங்கள், கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டவர்கள் என்று எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். நான் என் மகனைக் கூட்டிப் போனது பிள்ளைகளின் கதைக்காக. ஒன்பதாம் வகுப்பில் அவனுக்கு இந்தக் காலகட்டம் பாடமாக வந்திருக்கிறது. இந்த விமர்சனமும் அந்தக் கதையைச் சுற்றித்தான்.

ஹிட்லர் யூத் 1926ல் தொடங்கிய நாஜிக் கட்சியின் இளைஞர் அமைப்பு. 1932 முடிவில் அதில் ஒரு லட்சம் பேர் அளவில்தான் இருந்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அடுத்த ஒரே வருடத்தில் இருபது லட்சத்தைத் தாண்டியது. எப்படி? மற்ற இளைஞர் சங்கங்களைத் தடை செய்தார்கள், இல்லையென்றால் விழுங்கினார்கள். பால்டூர் ஃபோன் ஷீராக் என்பவரை 1933ல் நாட்டின் இளைஞர் தலைவராக உட்கார வைத்தார்கள். 10 வயதில் யுங்ஃபோல்க் என்ற சிறுவர் பிரிவு, 14 வயதில் ஹிட்லர் யூத். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக யுங்மேடல், அதற்கப்புறம் பிடிஎம் என்ற மங்கையர் சங்கம். பத்து வயது நிரம்பும் பிள்ளைகளை வருடா வருடம் ஏப்ரல் 20ல், ஹிட்லரின் பிறந்த நாளையொட்டிச் சேர்ப்பார்கள். 1934 முதல் இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் உறுப்பினர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அமைப்பின் வேலைக்குப் போகலாம். சேராத பிள்ளைகள் மட்டும் வகுப்பில் உட்கார வேண்டும். ஒரு பத்து வயதுப் பையனை இதைவிட எளிதாக எப்படி வளைப்பது?

டிராமில் வரும்போதே மகனிடம் யுங்ஃபோல்கில் வைத்த நுழைவுச் சோதனையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். சின்னப் பையன்கள் 60 மீட்டரை 12 விநாடியில் ஓட வேண்டும், 2.75 மீட்டர் நீளம் தாண்ட வேண்டும், பந்தை 25 மீட்டர் எறிய வேண்டும், ஒன்றரை நாள் நடைப்பயணம் போய் வர வேண்டும், கட்சிப் பாட்டை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். தேறினால் இடுப்பில் கத்தி கட்டிக்கொள்ளலாம். கேட்டதும் அவன், “இது ஈஸியாச்சேம்மா, நானே பாஸ் பண்ணிடுவேன்” என்றான். பிறகு அவனாகவே பேச்சை நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். அவன் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு பையனுக்கும் நம்மால் முடியும் என்று தோன்றும்படி வைத்த சோதனை அது. முகாம், தீ மூட்டிப் பாட்டு, மோட்டார் சைக்கிள் பிரிவு, கிளைடர் பிரிவு, கடற்படைப் பிரிவு என்று எதற்கும் குறைச்சல் இல்லை. வெறும் பிரம்பை வைத்து அந்தக் கூட்டத்தைச் சேர்க்கவில்லை என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தால்தான் மற்றது புரியும்.

பிரம்பு பின்னால் வந்தது. 1936 டிசம்பர் 1 சட்டம் ஜெர்மன் இளைஞர்கள் எல்லோரும் ஹிட்லர் யூத்துக்குள் என்றது. 1939 மார்ச் 25ல் வந்த ஆணை அதை இளைஞர்களின் கட்டாய சேவை ஆக்கியது. பிள்ளையைத் தடுக்கும் பெற்றோருக்கு அபராதம் அல்லது சிறை. தெருக்களில் ரோந்து போக அந்த அமைப்புக்கே தனியாக ஒரு படை, அதுவும் பையன்களை வைத்து. பையன்களைப் பையன்களே பிடித்துக் கொடுத்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் போக மாட்டேன் என்று நின்ற பிள்ளைகள் இருந்தார்கள். இந்தியாவில் நாஜி எதிர்ப்பு என்றால் படித்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மியூனிக்கின் ஹான்ஸ் ஷோல், ஸோஃபி ஷோல். 1943 பிப்ரவரி 18ல் பல்கலைக்கழகத்தில் துண்டறிக்கை போட்டுப் பிடிபட்டு, நான்கே நாளில் தலை துண்டிக்கப்பட்ட அண்ணனும் தங்கையும். அவர்கள் இருவருமே முதலில் அந்த அமைப்புகளுக்குள் ஆசையோடு போனவர்கள்தான். அவர்களுக்கு இன்று ஜெர்மனி முழுக்க தெருக்களும் பள்ளிக்கூடங்களும் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் கொலோனின் பிள்ளைகள் வேறு ரகம். பதினாலு வயதில் படிப்பை விட்டுவிட்டு ஃபேக்டரிக்கும் பட்டறைக்கும் வேலைக்குப் போனவர்கள். எஹ்ரன்ஃபெல்ட், ஸூல்ஸ் போன்ற பேட்டைகளின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

எடெல்வைஸ் பைரேட்ஸ் என்று அவர்களுக்குப் பெயர். சட்டைக் காலரில் எடெல்வைஸ் பூ வடிவ ஊசி, கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் துண்டு, கையில் கிட்டார். சனி ஞாயிறுகளில் ரைன் ஓரமாக ஸீபன்கெபிர்கே மலைகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஹிட்லர் யூத்தில் ஆண் பெண் தனித்தனி. இங்கே பையன்களும் பெண்களும் ஒன்றாகப் போனார்கள், ஒன்றாகப் பாடினார்கள். அணிவகுப்புப் பாட்டுகளின் மெட்டை எடுத்து வரிகளை மாற்றிக் கேலியாகப் பாடினார்கள். ரோந்துப் பையன்கள் எதிர்ப்பட்டால் அடிதடி. ஒரே கட்சியோ ஒரே தலைவரோ கிடையாது. எஸனில் வேறு பெயர், டூஸல்டார்ஃபில் வேறு பெயர், கொலோனில் முன்பு நவாஹோ என்ற பெயர்கூட இருந்தது. நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டி, கையில் சொந்தச் சம்பளம் வாங்குகிற பதினாறு வயதுப் பையனை, மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற இன்னொரு பையன் வரிசையில் நிறுத்தி “அட்டென்ஷன்” என்று கத்தினால் அவன் கேட்பானா? அரசியல் அங்கிருந்துதான் தொடங்கியது. துண்டறிக்கை, சுவரெழுத்து எல்லாம் அப்புறம்.

1942 டிசம்பர் 7ல் டூஸல்டார்ஃப் கெஸ்டபோ ரூர் என்ற தொழிற்பகுதிப் பக்கத்து ஊர்களில் வலை வீசி 28 குழுக்களைச் சேர்ந்த 739 பேரை ஒரே வீச்சில் பிடித்தது. பிடிபட்டவர்களை அடித்தார்கள், மொட்டை அடித்தார்கள், சிலரை இளைஞர்களுக்கென்றே வைத்திருந்த வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். மோரிங்கனில் பையன்களுக்கு, ஊக்கர்மார்க்கில் பெண் பிள்ளைகளுக்கு. 1944 அக்டோபர் 25ல் நாஜிப் போலீஸின் தலைவர் ஹிம்லர் இளைஞர் கும்பல்களை ஒடுக்கச் சொல்லித் தனி ஆணையே போட்டார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிள்ளைகள் பாட்டுப் பாடியதற்கு ஒரு அரசாங்கம் இவ்வளவு பயந்தது.

இப்போது நிலவறை. பத்து அறைகள். ஒவ்வொன்றும் நம் ஊர் வீட்டு ஸ்டோர் ரூம் அளவுதான், கடைசி மாதங்களில் அதற்குள் இருபது முப்பது பேரை அடைத்திருக்கிறார்கள். ஜன்னல்கள் தெரு நடைபாதையை ஒட்டி இருக்கின்றன. உள்ளே எழுந்த அலறல் வெளியே நடந்து போனவர்களின் காதில் விழுந்திருக்கிறது. தெருவுக்குக் கேட்டது என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் உணர முடியும்.

சுவர்களில் ஏறத்தாழ 1,800 எழுத்துகள். பென்சில், சாக்பீஸ், கரி, லிப்ஸ்டிக், ஆணி, திருகாணி, நகம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டு எழுதியிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு ரஷ்ய, உக்ரைனிய எழுத்துகள். ஃபேக்டரி வேலைக்காக சோவியத் மண்ணிலிருந்து இழுத்து வரப்பட்ட இளம் வயதினர் எழுதியவை அவை. அஸ்கோல்ட் குரோவ் என்ற இளைஞர் தானும் தன் நண்பரும் 1944 டிசம்பர் 24 முதல் இங்கே இருப்பதாகவும், அடுத்துத் தூக்கு தங்களுக்குத்தான் என்றும், தங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தோழர்களுக்குச் சொல்லும்படியும் 1945 பிப்ரவரி 3ஆம் தேதியிட்டு எழுதியிருக்கிறார். அவர் உயிர் தப்பினார். அந்தக் குளிர்காலத்தில் இதே கட்டடத்தின் உள்முற்றத்தில் தூக்கு மாட்டி, கைதிகளை வரிசையாகக் கொன்றார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

ஓர் அறையில் ஜெர்மன் மொழியில் ஒரு வரி: “ரியோ டி ஷனேரோ, அஹோய் கபலேரோ, எடெல்வைஸ் பைரேட்ஸ் விசுவாசமானவர்கள்.” சனி ஞாயிறு மலையேறும்போது தங்களுக்குள் கூவிக்கொண்டதை அப்படியே சுவரில் இறக்கியிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில்: “யாரும் உன்னை நினைக்காவிட்டாலும் உன் அம்மா உன்னை நினைக்கிறாள்.”

என் மகன் இரண்டாவது வரியை எனக்குப் படித்துக் காட்டினான். என்னால் பதில் பேச முடியவில்லை, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் அந்த அறையில் எதையும் படிக்கவும் முடியவில்லை.

இந்த மியூசியத்தை நான் உயர்வாகச் சொல்வதற்குக் காரணம் சோகம் மட்டும் இல்லை. சோகத்தைக் காட்ட எந்த மியூசியத்தாலும் முடியும். மேலே சீருடையில் சிரிக்கும் பிள்ளைகள், கீழே சுவரைக் கீறிய பிள்ளைகள், நடுவில் ஒரு மாடிப்படி. இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் வளர்ந்தவை, ஒரே பள்ளியில் படித்தவை. மேலே மட்டும் பார்த்தால் எல்லோரும் போனார்கள், அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கீழே இறங்கினால் அந்தச் சமாதானம் நிற்காது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பிள்ளைகளைப் புனிதர்களாக ஆக்கிவிட்டால் கதை பொய்யாகிவிடும். எஹ்ரன்ஃபெல்ட் குழு சாப்பாட்டுப் பொருட்களைத் திருடியது, ஆயுதம் சேர்த்தது, 1944 இலையுதிர் காலத்தில் நாஜிக் கட்சிக்காரர் ஒருவரைச் சுட்டும் கொன்றது. வதைமுகாமிலிருந்து தப்பி வந்த ஹான்ஸ் ஷ்டைன்ப்ரூக் என்பவரைச் சுற்றிச் சேர்ந்த குழு அது. ராணுவத்திலிருந்து ஓடி வந்தவர்களையும் யூதர்களையும் ஒளித்து வைத்ததும் இதே குழுதான். 1944 நவம்பர் 10ல், எஹ்ரன்ஃபெல்ட் ரயில் பாலத்தின் பக்கத்தில், எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இல்லாமல், ஊர் பார்க்க 13 பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர்களில் ஒருவனான பார்த்தோலொமேயுஸ் ஷிங்குக்கு வயது 16. அதே இடத்தில் அக்டோபர் 25ல் சோவியத், போலந்து நாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள் 11 பேரையும் கொன்றிருந்தார்கள்.

போர் முடிந்து நஷ்ட ஈடு கேட்டுப் போன குடும்பங்களைத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் பிள்ளை அரசியலுக்காகச் சாகவில்லை, குற்றவாளி என்றார்கள். ஆதாரமாக எடுத்தது கெஸ்டபோவே எழுதி வைத்த ஃபைல்களை. அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்து, அடி வாங்கிச் செத்தவனுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். 1980களில் மாநில அரசு கேட்டு வாங்கிய ஆய்வறிக்கைகூட இதை எதிர்ப்பு இயக்கம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 1984லேயே இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் ஷிங்கையும் அவன் நண்பர் ஜான் யூலிஷையும் யூதர்களுக்கு உதவியவர்கள் என்று கௌரவித்துவிட்டது. கொலோன் வட்டார நிர்வாகத் தலைவர் யூர்கன் ரோட்டர்ஸ் அவர்களை எதிர்ப்புப் போராளிகள் என்று அங்கீகரித்தது 2005 ஜூனில். இடையில் அறுபது வருடம். அதற்குள் எத்தனை அம்மாக்கள் அக்கம்பக்கத்தில் தலைகுனிந்து வாழ்ந்து செத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஷோல் உடன்பிறப்புகளுக்கு உடனே கிடைத்த மரியாதை, ஃபேக்டரிக்குப் போன பிள்ளைகளுக்குக் கிடைக்காததற்கு அவர்கள் வீட்டு முகவரியும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போவதற்கு முன் சில விஷயம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நிலவறைக்குக் கூட்டிப் போக வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போனால் முதலில் மேலே, பிறகு கீழே என்ற வரிசையில் பாருங்கள். அறைகளில் கூட்டம் சேர்ந்தால் எழுத்துகளை நிதானமாகப் பார்க்க முடியாது, அதனால் காலையில் திறந்ததும் போய்விடுவது நல்லது. மூன்று மணி நேரம் வேண்டும். நேரம் போதாவிட்டால் மேலே இளைஞர் பகுதியையும் கீழே நிலவறையையும் மட்டும் பார்த்துவிட்டு மற்றதை இன்னொரு நாளுக்கு வைத்தாலும் பரவாயில்லை. சுவர்களைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பார்த்ததும் கை தானாக நீளும்.

மியூசியத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அப்பெல்ஹோஃப்பிளாட்ஸிலேயே 3 அல்லது 4ஆம் நம்பர் டிராம் பிடித்தால் வென்லோயர் ஷ்ட்ராஸ, கியூர்டல் ஸ்டாப்பில் இறங்கலாம். அங்கிருந்து எஹ்ரன்ஃபெல்ட் ரயில் நிலையம் நடக்கும் தூரம். தூக்கு மேடை நின்ற தெருவுக்கு இப்போது பார்த்தோலொமேயுஸ் ஷிங்கின் பெயர். ரயில் பால வளைவுகளின் சுவரில் அந்தப் பிள்ளைகளைப் பெரிதாக, வண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் பெயர்ப்பலகை. மேலே ரயில் ஓடும், கீழே ஜனங்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. வென்லோயர் ஷ்ட்ராஸ முழுக்கத் துருக்கிக் கடைகள், பருப்பு சூப்பும் சூடான ரொட்டியும் கிடைக்கும், சைவக்காரர்களுக்கும் வயிறு நிறையும்.

கோடையில் வருகிறவர்கள் எடெல்வைஸ் பைரேட்ஸ் திருவிழாவின் தேதியைப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுங்கள். 2005 முதல் நடக்கிறது, ஊரின் தெற்கே ஃப்ரீடன்ஸ்பார்க் பூங்காவில். அந்தப் பிள்ளைகள் பாடிய பாட்டுகளை இப்போதைய இசைக்குழுக்கள் தங்கள் பாணியில் பாடுகிறார்கள். ஜான் யூலிஷும் ‘முக்கி’ என்று எல்லோரும் கூப்பிட்ட கெர்ட்ரூட் கோஹும் வயதான காலத்திலும் வந்து இளம் பிள்ளைகளோடு பேசிய இடம் அது. யூலிஷ் 2011ல் போய்விட்டார், கெர்ட்ரூட் கோஹ் 2016ல். மகன் இந்த வருடம் தன் வகுப்புத் தோழர்களையும் அழைத்துக்கொண்டு போகப் போகிறான்.